ஒரு தளக்காரன் ஜெயித்த ஆண்டு

மார்ச் 2, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டை ஒரே ஒரு காரியத்துக்காகத் தொடங்குகிறேன். சென்னியப்பன் பேசுவது தப்பு என்று தேதி போட்டு நிரூபிக்க வேண்டும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவனும் நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடுகிறோம். பத்தொன்பது வருஷமாக இந்த ஒரு சண்டையும் தீரவில்லை.

நான் முப்பது வருஷம் வார்ப்படப் பட்டறை நடத்தியவன். பம்புக்கு வெளி ஓடு வார்த்தோம். எந்த ஓடு எந்தத் தேதியில் எந்த இடத்தில் விரிசல் விட்டது என்று அன்றன்றைக்கே எழுதி வைப்பேன். மூன்று மாதம் எழுதினால் போதும், தப்பு எங்கே என்று தானாகவே தெரிந்துவிடும். சென்னியப்பனையும் அப்படியே எழுதப் போகிறேன்.

ரேணுகா இதை எப்படியும் எடுத்துப் படிப்பாள். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் என் மேஜையில் கிடந்த எந்தத் தாளையும் அவள் படிக்காமல் விட்டதில்லை. அவளுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டையை வீசுவதில் இரண்டு கட்சி உண்டு. இடுப்பை மடித்து நன்றாகக் குனிந்து, கையை மார்போடு ஒட்டி, தோள் எந்தச் சரிவில் சுற்றுகிறதோ அதே சரிவில் கையும் சுற்றினால் ஒரு தளம். நிமிர்ந்து நின்று, தோள் ஒரு சரிவில் சுற்ற, கை மட்டும் தனியாக மேலே எழும்பி வேறு சரிவில் இறங்கினால் இரண்டு தளம். நான் ஒரு தளம். அவன் இரண்டு. ஓடுகிற உறுப்பு குறைந்தால் பழுதும் குறையும், இது என் கட்சி. தனித்தனியாகப் போன கையும் தோளும் கடைசியில் வந்து சேருகிற அந்தக் கணத்தில்தான் ஆட்டமே இருக்கிறது, இது அவன் கட்சி. காப்பிக்கொட்டை வறுத்து விற்கிறவன் அப்படித்தான் பேசுவான். ஒரு கை உருளையைச் சுற்ற வேண்டும், ஒரு கை தீயைக் குறைக்க வேண்டும், மூக்கு நேரம் சொல்ல வேண்டும் என்பான்.

ஆகஸ்ட் கடைசியில் ஜோடிக் கோப்பைப் போட்டி. இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். சேர்ந்து ஆட ஆரம்பித்த பதினொன்றாம் வருஷம் ஒரே ஒரு முறை ஜெயித்தோம். அதற்குப் பிறகு இல்லை. காரணம் யார் என்பதை இந்த நோட்டு சொல்லும்.

மார்ச் 9, ஞாயிறு

போன வருஷம் விளையாட்டாக ஒன்றிரண்டு எடுத்ததோடு சரி, இன்று போனில் ஒழுங்காக வீடியோப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். பக்கவாட்டில் நின்று சென்னியப்பனின் வீச்சு பன்னிரண்டை எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு போட்டேன். தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. இரண்டு கோடும் விலகினால் இரண்டு தளம், ஒட்டினால் ஒரு தளம். மட்டக்கோல் வைத்துப் பார்க்கிற மாதிரிதான்.

பயல் பந்தை நோக்கி நடந்து வருவதற்கே அரை யுகம் எடுத்துக்கொள்கிறான். சாமி புறப்பாடு மாதிரி. அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வீச்சை மட்டும் வைத்துக்கொண்டேன். அதை அவனுக்கும் அனுப்பினேன். மூலப் படங்கள் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. நான் எதையும் அழிப்பதில்லை.

ஒரு விசேஷம் கண்ணில் பட்டது. போன வருஷத்தை விட அவன் இப்போது அதிகமாகக் குனிகிறான். இடது கையும் நெஞ்சோடு ஒட்டியே வருகிறது. கேட்டால் ஒப்புக்கொள்ளவா போகிறான்? கமுக்கமாக என் கட்சிக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 13, வியாழன்

மேல்தொட்டி மிதவை மாட்டிக்கொண்டு தண்ணீர் வழிந்து வாசலெல்லாம் சேறு. நானே ஏறிச் சரி செய்தேன். ரேணுகா கீழே நின்று இறங்குங்கள் இறங்குங்கள் என்று கத்தினாள்.

சென்னியப்பன் கடைக் காப்பித்தூள் இந்த மாதம் தீய்ந்து நாறுகிறது. போன மாதமும் கொஞ்சம் அப்படித்தான். போனில் திட்டினேன். எனக்கொண்ணும் தெரியலியே, நல்லாத்தான இருக்குது என்றான். முன்பெல்லாம் பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் என்ன கொட்டை அரைக்கிறார்கள் என்று வாசலில் நின்றே சொல்வான்.

மார்ச் 23, ஞாயிறு

கோடுகளுக்கு இடையே போன வாரம் நான்கு விரல் இடைவெளி. இன்று மூன்று.

அடிக்கிற தூரம் மட்டும் குறைந்துவிட்டது. அதைத்தான் அவனும் சொன்னான், இருபது கஜம் போச்சேடா என்று. பழக்கம் மாறுகிற காலத்தில் அப்படித்தான் இருக்கும், பொறு என்றேன். நான் எந்தப் பழக்கத்தையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறான். படத்தில் இருக்கிறது, நீ ஏன் வாயால் பேசுகிறாய் என்று கேட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. சென்னியப்பனையும் அவன் மனைவி கமலவேணியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ரேணுகா போளி செய்திருந்தாள். நான் வழக்கமான கதையைச் சொன்னேன், மலேசியாவிலிருந்து வந்த விருந்தாளி எங்கள் மைதானத்தில் ஆட்டுக்கிடாவிடம் பந்தைப் பறிகொடுத்த கதை. கமலவேணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இவன் சிரிக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் போன பிறகு ரேணுகா கேட்டாள், "ஏனுங்க, அவர்கூடச் சண்டையா? மூஞ்சியவே தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாரே. சோறு பெசையறதுக்கே அவ்ளோ நேரம் ஆச்சு."

தோற்கிறவன் மூஞ்சி அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. ஆறரைக்கே மைதானத்துக்குப் போய்விட்டோம். இடது அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, அது கீழே விழாமல் நூறு வீச்சு வீசச் சொன்னேன். ஒரு தளத்துக்குப் பால பாடம் இதுதான். துண்டு விழவேயில்லை. முதல் தடவையே! எனக்கே இது கைவர ஆறு மாதம் ஆயிற்று.

அறுபதிலேயே நிறுத்திவிட்டான். "என்ற கை நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குதுடா," என்றான்.

சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேர் கண்டுபிடித்திருக்கிறாய் என்று சத்தம் போட்டேன். பக்கத்துத் தடத்தில் ஆடியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீதி நாற்பதையும் வீசிவிட்டுத்தான் போனான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரண்டு விரல் இடைவெளி. ஜெயம் நெருங்குகிறது.

மே 4, ஞாயிறு

எங்கள் ஆட்டக் கணக்கை அட்டையில் எழுதுவது எப்போதும் சென்னியப்பன்தான். கடை போர்டு எழுதுகிறவன் மாதிரி முத்து முத்தாக எழுதுவான். இன்று அட்டையை வாங்கிப் பார்த்தால் எறும்பு ஊர்ந்திருக்கிறது. முதல் குழிக்கு எழுதிய எண் ஒரு அளவு, ஒன்பதாம் குழிக்கு வரும்போது கடுகளவு. கண்ணாடியை மாற்று என்று சொல்லி அட்டையை நானே வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டான், சண்டை போடாமல்.

மட்டைப்பை தூக்கும் ஆறுச்சாமி எங்களோடு பன்னிரண்டு வருஷமாக வருகிறான். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியவர் இடது ஷூ முனை மட்டும் தேய்ந்துபோய்க் கிடக்கிறது, காலை இழுத்து நடக்கிறார் போலிருக்கிறது என்றான். புது ஷூ வாங்க மனசு வராது அவனுக்கு, கஞ்சப் பிசினாறி என்று சொல்லிச் சிரித்தேன். ஆறுச்சாமி சிரிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

இன்று பெரிய சண்டை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழாம் குழியில் அவன் அடித்த பந்து அறுபது கஜம்கூடப் போகவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். பாதி என் கட்சிக்கு வந்துவிட்டாய், பாதி பழைய வழியில் நிற்கிறாய், ரெண்டுங்கெட்டானாக இருந்தால் இப்படித்தான் ஆகும், முழுசாக வந்துவிடு என்றேன். மட்டையைக் கீழே போட்டான். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவன் மட்டையைப் போட்டு நான் பார்த்ததில்லை.

"நான் எந்த எழவுக்கும் மாறலடா. அதே மாதிரித்தான் நிக்கறன், அதே மாதிரித்தான் வீசறன். உனக்கு ஏண்டா புரிய மாட்டேங்குது?"

உடனே போனை எடுத்துக் காட்டினேன். போன வருஷத்துப் படம் ஒன்று, இன்றைய படம் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடும் போட்டு. அவன் வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"இது நானாடா?" என்றான்.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறென்ன கேட்பான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போது எழுதும்போது அந்தக் குரல் வேறு மாதிரிக் கேட்கிறது. களைப்பு. அவ்வளவுதான்.

ஜூன் 1, ஞாயிறு

வரவில்லை. போன் எடுக்கவில்லை. தனியாகப் பதினெட்டுக் குழியும் ஆடினேன். பேச ஆளில்லாமல் ஆறுச்சாமியிடம் தளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வரவில்லை. இறங்கி வந்து நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். கேட்க மாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கமலவேணி போன் செய்தாள். கடையில் நின்றுதான் பேசினாள், பின்னால் அரவை ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்ணா, நான் சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்தப் புது முறை சொல்லிக் குடுத்ததுல இருந்துதான் அவரு இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு நடக்கறாரு. சட்டை பட்டன் போட நான் போக வேண்டியிருக்குது. பழையபடிக்கே மாத்தி விட்ருங்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சரிம்மா, மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். பட்டனுக்கும் தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பகல் முழுக்க யோசித்தேன். முதுகில் ஏதாவது நரம்பு பிடித்திருக்கும். துண்டு இடுக்கி நூறு வீச்சு வீச வைத்தது நான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

போய்க் கையோடு கூட்டி வந்தேன். இன்று நான் இரண்டு தளத்துக்கு வாத்தியார். என் வாயால், என் கட்சிக்கு எதிராக, நிமிர்ந்து நில்லு, கையை விலக்கு, மேலே தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுச்சாமி வாயைப் பிளந்து பார்த்தான்.

கை மேலே எழும்பவில்லை. நான் பின்னால் நின்று அவன் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன். பல் சக்கரம் கடகடவென்று ஒவ்வொரு பல்லாக நகருமே, அந்த மாதிரி விட்டு விட்டு எழும்பியது. பட்டறையில் அப்படி ஒரு இயந்திரம் ஓடினால் நான் உடனே நிறுத்திவிடுவேன். நான் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன்.

பந்தை விட்டு நகர்ந்து வரச் சொன்னபோது அவன் நகரவில்லை. இரண்டு காலும் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றான். பிறகு மெல்லப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். புல்லின் ஈரத்தில் கால்சட்டை நனைந்தது.

"வரது, எனக்குப் பயமா இருக்குடா," என்றான்.

அவன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஜூன் 26, வியாழன்

நரம்பு டாக்டரிடம் போனோம். சென்னியப்பன், கமலவேணி, நான். சின்ன வயசு டாக்டர், பொறுமையானவர். விரலைத் தட்டச் சொன்னார். கையை மூடித் திறக்கச் சொன்னார். ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். எதிரே நடந்து வரச் சொன்னார்.

இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை, கமலவேணிக்கும் தெரியவில்லை. என்னிடம் எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்தேன். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நேரத்தில்கூட எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டாக்டர் இரண்டு படம் பார்த்தார். இந்தச் சிவப்புக் கோடெல்லாம் என்ன என்று கேட்டார். தோள் தளம், கைத்தளம் என்று விளக்க ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "கோடில்லாம இருக்குதுங்களா? அவர் நடந்து வர்றதுல இருந்து வேணும்," என்றார்.

நடந்து வருவதா? அதைத்தானே நான் வெட்டி எறிந்தேன். மூலப் படங்களைத் தேடி எடுத்தேன். மார்ச் 9. ஓட விட்டேன்.

பந்தை நோக்கி நடந்து வருகிறான். வலது கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு வருகிறது. இடது கை ஆடவில்லை. முழங்கையில் கொஞ்சம் மடங்கி, உடம்போடு ஒட்டி, யாருடைய கையோ மாதிரி கூடவே வருகிறது. டாக்டர் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டக்கூட இல்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் பார்த்துவிட்டோம். அடுத்த படம், அதுவும் அப்படியே. போன வருஷத்துப் படம் ஒன்று இருந்தது. அதிலும் கை ஆடவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் நான் இதைப் பார்த்து, வேண்டாம் என்று வெட்டியிருக்கிறேன்.

"ரொம்ப நல்ல ரெக்கார்டு, சார். இவ்ளோ தெளிவா யாரும் கொண்டு வர்றதில்ல," என்றார் டாக்டர். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

சென்னியப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "டாக்டர், இவன் சொல்லிக் குடுத்த முறையால வந்ததுங்களா இது?" டாக்டர் சிரித்துவிட்டு, இல்லைங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, எந்த முறையில் ஆடியிருந்தாலும் வந்திருக்கும் என்றார். கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, மனசுல வெச்சுக்காதீங்ணா என்றாள்.

என் தப்பு இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். நிம்மதி வர வேண்டும். வரவில்லை. என் தப்பாக இருந்திருந்தால் நான் திருத்தியிருப்பேன்.

நோயின் பேரை இன்று எழுதப் போவதில்லை. டாக்டர் அறையில் மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து கடக் கடக் என்று ஓடியது. யாராவது ஒரு திருகை முறுக்கினால் சரியாகிவிடும்.

ஜூலை 6, ஞாயிறு

பார்க்கின்சன். எழுதிவிட்டேன்.

மாத்திரை மூன்று வேளை. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் கை கால் கொஞ்சம் இளகும், நாலு மணி நேரம் தாங்கும், பிறகு இறங்கும். குணமாகாது, ஆனால் சமாளிக்கலாம் என்கிறார்கள். ஏழு மீட்டர் தூரம் அளந்து வைத்துக்கொண்டு மாதா மாதம் அவன் நடப்பதைப் படம் பிடித்துக் கொண்டு வரச் சொன்னார் டாக்டர். மைதானத்துப் புல்லில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டேன். பழைய படங்களிலும் அதே தூரத்துக்குக் காலடிகளை எண்ணினேன்; நடை குறுகக் குறுக எண்ணிக்கை கூடும். மார்ச்சில் பத்துக் காலடி. இன்று பதினாலு.

ரேணுகா நோட்டைப் படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். காப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு என் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்துவிட்டுப் போனாள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று சென்னியப்பன் எனக்கு இரண்டு தளத்தின் மேன்மை பற்றி ஒரு மணி நேரம் உபதேசம் செய்தான். நிமிர்ந்து நின்று அடித்தால் முதுகு தேயாது என்றான். ஆமாம் என்றேன். ஒரு தளம் முரட்டு ஆட்டம், அதில் நளினம் கிடையாது என்றான். வாஸ்தவம்தான் என்றேன். ஒரு தளக்காரனெல்லாம் மண்வெட்டி பிடிக்க வேண்டியவன் என்றான். இருக்கலாம் என்றேன்.

பேச்சை நிறுத்திவிட்டான். அவன் முகத்தில் இப்போது எதுவும் தெரிவதில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. குரல் தடித்தது.

"மாத்தரை திங்கறப்பக்கூட எனக்கு நோவு இருக்குதுன்னு தோணறதில்லடா. நீ ஆமா ஆமாங்கறப்பத்தான் தோணுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பை எடுத்து வருகிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜோடிக் கோப்பைக்குப் பேர் கொடுக்க இன்று கடைசி நாள். நான் கொடுக்கவில்லை. பட்டியலில் எங்கள் பேர் இருந்தது. கீழே எறும்பு எழுத்தில் அவன் கையெழுத்து.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோப்பை. மாத்திரைக்கும் ஆட்டத்துக்கும் நேரம் பார்த்து ஏழேகாலுக்குத் தொடங்கினோம். பத்தாம் குழி வரை பழுதில்லை. அவன் அடித்த பந்தெல்லாம் சின்னச் சின்னதாகப் போயின, ஆனால் நேராகப் போயின. நாலாம் குழியில் முப்பது அடி தூரத்திலிருந்து உருட்டிப் போட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், குதித்தேன்.

முன்னால் ஆடிய ஜோடி பந்து தேடித் தேடி எங்களை நாற்பது நிமிஷம் நிறுத்திவைத்துவிட்டது. பதினொன்றாம் குழிக்கு வரும்போது மருந்து இறங்கிவிட்டது. நான் அடித்த பந்து, குழியைச் சுற்றியுள்ள புல்மேட்டின் ஓரத்தில் கிடந்தது. அடுத்து அவன் அடிக்க வேண்டும். ஏழெட்டு அடி தூரம்தான். அவன் கிளம்பவில்லை. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது. பின்னால் இரண்டு ஜோடி காத்துக்கொண்டு நின்றது. எல்லாரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் ஆஸ்பத்திரி அம்மா ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். கால் ஒட்டிக்கொண்டால் முன்னால் தரையில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் போதும், அதைத் தாண்டுவதற்குக் கால் தானாக எழும்பும் என்று. சுண்ணாம்பு இல்லை. பையிலிருந்து ஒரு மட்டையை உருவி அவன் காலுக்கு முன்னால் குறுக்காகப் போட்டேன். பார்த்தான். தாண்டினான். ஆறுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. பையைக் கவிழ்த்து அடுத்ததைப் போட்டான், அதற்கடுத்ததை நான் போட்டேன். ஏணி மாதிரி எட்டு மட்டை. ஒவ்வொன்றாகத் தாண்டிப் பந்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அடித்தான். பந்து குழிக்குள் போகவில்லை, எங்கேயோ போயிற்று. போனால் போகிறது.

அந்தக் குழியோடு ஆட்டத்தை விட்டுவிட்டோம். அட்டையில் பதினொன்று வரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆறு மாதமாக அவன் மேல் கோடு போட்டேன். இன்றைக்குத்தான் என் கோடு அவனுக்கு ஒரு உபகாரம் செய்தது, அதுவும் ஏழெட்டு அடிக்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை. ஏழு மீட்டருக்குப் பதினேழு காலடி. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இனி மைதானத்துக்கு வரவில்லை என்று கமலவேணியை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறான். கடையில் கொட்டை வறுக்கிற வேலையையும் வேறு ஆளிடம் விட்டாகிவிட்டதாம். நானும் போகவில்லை. மேல்தொட்டியைக் கழுவினேன். கழுவி முடித்த பிறகும் மணி பத்துதான் ஆகியிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால் கொட்டை உலர்த்துகிற சிமெண்ட் களம் இருக்கிறது. அதில் ஏழு மீட்டர் அளந்து கோடு போட்டிருக்கிறோம். மாதப் படம் எடுக்க வேண்டிய நாள். அவன் நாற்காலியில் மட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். களத்தின் கோடியில் பழைய ரப்பர் கால்மிதி, அதன் மேல் பந்து, எதிரே சுவரில் தொங்குகிற கோணிச் சாக்கு. எல்லா ஏற்பாடும் அவனே செய்திருக்கிறான்.

நடந்து போனான். படம் பிடித்தேன். பந்தின் முன்னால் நின்றான். முதுகு இப்போது நிரந்தரமாகவே குனிந்துவிட்டது. இடது கை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. அந்தக் கை தனியாக மேலே எழும்பாது, எழும்பவும் முடியாது. தோள் சுற்றியது, அதோடு சேர்ந்து கை சுற்றியது, எல்லாம் ஒரே கட்டையாக. பந்து சாக்கில் பட்டுத் தொப்பென்று விழுந்தது.

"கோடு போடு," என்றான்.

வேண்டாம்டா என்றேன். போடச் சொன்னான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தோளுக்கு ஒரு கோடு போட்டேன். கைக்கு ஒரு கோடு போட்டேன். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்தது. இடைவெளி இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். நடுங்குகிற விரலால் அதைத் தொட்டுக் காட்டினான்.

"ஒரே தளம். நீ ஜெயிச்சுட்டடா," என்றான்.

ஜூலையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ரெண்டு தளந்தான்டா இது. நீ எங்கடா மாறுன? அப்பவும் ரெண்டு, இப்பவும் ரெண்டு. சொன்னாக் கேக்கற ஆளா நீ?"

"கோடு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது பாருடா முட்டாளே."

"போன் சாஞ்சிருக்குது. நேராப் புடிச்சா ரெண்டு விரல் விலகும்."

"பட்டறைக்காரன் போனச் சாச்சுப் புடிப்பானா? யாருகிட்டக் கத விடற?"

அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவன் ஒரு தளத்தின் பக்கம், நான் இரண்டு தளத்தின் பக்கம். ஓடுகிற உறுப்பு குறைந்தால் பழுது குறையும் என்று என் வசனத்தையே எடுத்து என் மேல் வீசினான். கையும் தோளும் சேருகிற கணத்தில்தான் ஆட்டம் இருக்கிறது என்று அவன் வசனத்தை நான் சொன்னேன். அவன் குரல் ஏறிவிட்டது, பழைய குரல். கமலவேணி பயந்துபோய் ஓடி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். பிறகு காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து படத்திலிருந்த இரண்டு கோட்டையும் அழித்தேன். வீச்சை வெட்டி எறிந்தேன். அவன் நடக்கிறதை மட்டும் டாக்டருக்காக வைத்துக்கொண்டேன். திரும்ப ஓட விட்டு எண்ணினேன், நம்பாமல் இன்னொரு முறையும் எண்ணினேன்.

அதே ஏழு மீட்டர். இருபத்து மூன்று காலடி.